பொதுக்கூடத்தில் அமெரிக்கத் தொடர்கள் கூடாது

1

எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில், ஆறு மாத காலம் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. அதிலிருந்த வாசகத்தை எழுதியவன் நான். தட்டச்சு செய்தவனும், நான்கு மூலைகளிலும் ஒட்டுநாடா போட்டவனும் நானே. சென்ற செவ்வாய்க்கிழமை அதை அகற்றுவதென்று முடிவானபோது, அகற்றும் பொறுப்பும் என்னிடமே வந்தது. ஒட்டுநாடாவோடு சுவரின் வண்ணமும் நான்கு இடங்களில் பெயர்ந்து வந்துவிட்டது.

ஊரிலுள்ளவர்கள் தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதால் ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்துகிறேன். நானும் என் மனைவி சம்பூர்ணமும் வசிப்பது முதியோர் இல்லம் அல்ல. எங்கள் சொந்த ஊரான புதுச்சத்திரத்தில் அப்படியொரு பேச்சு நடமாடுவதாகக் கேள்விப்பட்டேன். இது வட இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தில், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கென்று கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. எங்கள் வீட்டுக்குத் தனிக் கதவு, தனிச் சமையலறை, தனிச் சாவி உண்டு. கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கூடம், ஒரு தொலைக்காட்சி, பதினாறு நாற்காலிகள். இரண்டு பிள்ளைகளும் எங்களைக் கைவிட்டுவிடவில்லை. மகள் ஸ்காட்லாந்திலும் மகன் கனடாவிலும் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் முகம் காட்டுகிறார்கள். பேரப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத் திரைக்கு வெளியே ஓடிவிடுகிறார்கள். அவ்வளவுதான் அவர்களைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

2

இந்த நாட்டில் முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஆங்கிலேயர் எவரும் அமெரிக்கத் தொடர்களைப் பார்ப்பதில்லை. அவர்களைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள்.

நெடுஞ்சாலைத் துறையின் வரைபடப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்திலிருந்தே இதைக் கவனித்து வருகிறேன். திங்கட்கிழமைத் தேநீர் வேளையில் ஒருவர், முந்திய நாள் இரவு தொலைக்காட்சியில் ஏதோ ஓர் அமெரிக்கச் சமாச்சாரம் ஓடிக்கொண்டிருந்ததாகச் சொல்வார். அவர் அதைப் பார்க்கவில்லை; அது ஓடிக்கொண்டிருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. பிறகு அந்தக் கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒரு பாத்திரம் விடாமல் சொல்லிமுடித்து, குப்பை என்று தீர்ப்பும் வழங்குவார். மற்றவர்கள் தலையசைத்து, தங்கள் வீட்டிலும் அதே குப்பை ஓடிக்கொண்டிருந்ததை ஒப்புக்கொள்வார்கள்.

அவர்கள் சொல்லும் குறைகள் எனக்கு மனப்பாடம். அமெரிக்க நடிகர்களுக்குப் பற்கள் அளவுக்கு மீறி வெண்மையாக இருக்கின்றன. காலிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காப்பி குடிப்பதாக நடிக்கிறார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்று பின்னணியில் யாரோ சிரித்துக் காட்டுகிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம், எங்கே நிறுத்துவதென்று அவர்களுக்குத் தெரியாதது. ஆறு வாரம் நடத்திவிட்டு முடித்துக்கொள்வதுதான் பிரிட்டிஷ் நாகரிகம். அமெரிக்கர்களோ பாத்திரங்கள் அனைவரும் இறந்த பிறகும் அவர்களுடைய தங்கைமாரை வைத்துத் தொடர்வார்கள்.

நான் இதையெல்லாம் நம்பினேன். நம்பியதோடு பின்பற்றவும் செய்தேன். எங்கள் வீட்டில் அமெரிக்கத் தொடர் பார்ப்பதில்லை என்று அலுவலகத்தில் ஒருமுறை சொன்னபோது, எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அன்று முதல் அது எங்கள் வீட்டு விதியாயிற்று.

3

சம்பூர்ணத்தின் தம்பி தங்கவேல் ஜேடர்பாளையத்துக்காரன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி இரண்டு வைத்திருக்கிறான். வருடத்தில் எட்டு மாதம் வடமாநிலங்களில்தான் அவன் வண்டிகள் நிற்கும். சென்ற ஆண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, வேலையில்லாத நேரத்தில் ரிக் ஆட்கள் எல்லோரும் அமெரிக்கத் தொடர்களைத்தான் கைப்பேசியில் பார்க்கிறார்கள் என்றான். தமிழிலேயே குரல் கொடுத்து வருகிறதாம்.

"போலீசுக்காரன் திருடனத் தொரத்தீட்டு ஓடறப்ப 'நில்லுடா மாப்ள'ங்கறானுங்க மாமா. நம்ம பசங்களுக்குச் சோறே எறங்கறதில்ல, அதப் பாக்காம."

இங்கே மரியாதைப்பட்டவர்கள் அவற்றைப் பார்ப்பதில்லை என்று அவனுக்குச் சொன்னேன்.

"அப்பறம் அங்க ஆருக்குங்க மாமா போடறாங்க? காக்கா குருவிக்கா?"

அவன் படிக்காதவன், பேச்சில் கட்டுப்பாடு இல்லாதவன் என்று அன்று அந்த உரையாடலைச் சுருக்கிக்கொண்டேன். அவன் கேட்டது சரியான கேள்விதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

4

சம்பூர்ணத்துக்கு இந்த நாட்டில் சிநேகிதி என்று யாரும் இருந்ததில்லை. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது நேரமில்லை. அவர்கள் போன பிறகு பழக்கமில்லை. ஆங்கிலேயர் வீட்டுக்கு அவர்கள் அழைக்காமல் போகக் கூடாது, அழைத்தாலும் முதல்முறை போகக் கூடாது என்று வந்த புதிதில் நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அழைக்காமலேயே அடுத்த வீட்டு அடுப்படி வரை போய்ப் பழகியவள், முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள்.

பிறகு டோரீன் வந்தாள். எண்பது வயது, கணவனை இழந்தவள், காது மந்தம். எங்கள் தளத்திலேயே நான்கு கதவு தள்ளிக் குடியிருந்தாள். பிற்பகல் இரண்டு மணிக்குப் பொதுக்கூடம் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் அங்கே ஓர் அமெரிக்க மருத்துவமனைத் தொடரைப் பார்ப்பது அவள் வழக்கம். காது கேட்காததால் திரையின் அடியில் வசனங்களை எழுத்தாக ஓடவிடுவாள். ஒருநாள் துணி துவைக்கும் அறைக்குப் போன சம்பூர்ணம் கதவருகில் நின்று பார்த்திருக்கிறாள். டோரீன் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள். அதுவே அழைப்பு.

இரண்டு ஆண்டுகள் அப்படிப் போயின. எங்கள் பக்கத்தில் பிரியமானவர்களை அழைப்பதுபோல் சம்பூர்ணம் அவளைச் 'சாமி' என்பாள். டோரீனும் பதிலுக்கு அவளைச் 'சாமி' என்பாள். தொடரில் வந்த மருத்துவர்களுக்கு இருவரும் சேர்ந்து பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஒரு மருத்துவன் மனைவியை விட்டுவிட்டுப் போனபோது இருவரும் மூன்று நாட்கள் அவனைப் பார்க்க மறுத்து, அவன் வரும் காட்சிகளில் தேநீர் போடப் போனார்கள் என்று குடியிருப்பின் மேலாளர் பெண் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். மாலையில் சம்பூர்ணம் எனக்கு அந்தக் கதையைச் சொல்லத் தொடங்குவாள். நான் செய்தித்தாளை இறக்காமல் "சரி" என்பேன்.

எனக்கு அது பெருமையாக இல்லை. ஒருநாள் மருந்துக்கடை வரிசையில் சம்பூர்ணம் அந்தத் தொடரில் கற்றுக்கொண்ட ஓர் அமெரிக்கச் சொல்லால் மருந்து கேட்டாள். எங்களுக்குப் பின்னால் நின்றவர் ஜெஃப்ரி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்; எங்கள் குடியிருப்போர் குழுவின் தலைவர். "யாரோ தொலைக்காட்சி நிறையப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது" என்றார் புன்னகையோடு. அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். சேலத்தில் கல்லூரியில் படித்து, அஸ்தம்பட்டி விடுதியில் விளக்கணைக்கும் வரை ஆங்கில இலக்கணம் உருப்போட்டவன் நான். என் மனைவியின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டபோது காது மடல் சுட்டது.

5

அந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஜெஃப்ரி ஒரு முறையீடு செய்தார். வெளியாட்கள் வரும் நேரத்தில் பொதுக்கூடத்தில் அமெரிக்கத் தொடர்கள் அலறிக்கொண்டிருப்பது இடத்தின் தரத்துக்குப் பொருத்தமாக இல்லை என்றார். சுற்றியிருந்தவர்கள் முணுமுணுத்து ஆமோதித்தார்கள். "முத்து, நீங்கள்தான் செயலாளர். ஏதாவது ஒரு வரி எழுதி வையுங்களேன்" என்று சொல்லிவிட்டு, தோட்டத்து நாற்காலிகளைப் பற்றிய பேச்சுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் என் தந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர். அங்கே கூட்டமென்றால் மனத்தில் இருப்பதையெல்லாம் கத்தித் தீர்ப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துபோனவர்களும் மறுநாள் வந்து தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்டுவிடுவார்கள். புத்தகத்தில் ஏறியது ஏறியதுதான். எதிர்க் கட்சிக்காரர்கள் வாரத்துக்கு வாரம் மாற்றிவிடக் கூடாதென்று என் தந்தை ஒரு விதி சேர்த்திருந்தார்: நிறைவேறிய தீர்மானத்தை ஆறு மாதத்துக்குள் மறுபடி எடுக்கலாகாது.

ஆங்கிலேயர் கூட்டத்தில் முறையிடுவது, முறையிட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவதற்காக என்பது எனக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தும் தெரியவில்லை. என்னை அவர்கள் தங்களில் ஒருவனாக நினைத்து ஒரு காரியத்தை ஒப்படைத்ததாக எடுத்துக்கொண்டேன். நான்கு நாட்கள் உட்கார்ந்து மூன்று பிரிவுகள் கொண்ட தீர்மானம் எழுதினேன். முதற்பிரிவு, பொதுக்கூடத்தில் அமெரிக்கத் தொடர்கள் காட்டப்படலாகாது. இரண்டாம் பிரிவு, தொலைக்காட்சியின் தொலையியக்கி செயலாளர் பொறுப்பில் இருக்கும். மூன்றாம் பிரிவு, என் தந்தையின் விதி.

அடுத்த கூட்டம் குடியிருப்போர் அனைவருக்குமான பொதுக்கூட்டம். சம்பூர்ணமும் வந்திருந்தாள். கடைசி வரிசையில் டோரீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் தீர்மானத்தைப் படித்தேன். எல்லோரும் கொஞ்சம் திகைத்தது போலிருந்தது. ஜெஃப்ரி தொண்டையைக் கனைத்துவிட்டு, ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம் என்றார். முதலில் முன்வரிசைக் கைகள் உயர்ந்தன. அமெரிக்கத் தொடர் பார்ப்பவன் என்று ஒருவரும் கையைக் கீழே வைத்துக்கொண்டு காட்டிக்கொள்ளத் தயாராக இல்லை. பின்வரிசை வரை கைகள் போயின. டோரீன் சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் கையும் மெதுவாக உயர்ந்தது.

நான் ஆங்கிலத்தில் படித்த வாசகம் சம்பூர்ணத்துக்கு விளங்கியிருக்க நியாயமில்லை. அது சட்டத்தமிழ் போன்ற சட்ட ஆங்கிலம். அவள் டோரீனின் கையைப் பார்த்தாள், பிறகு தன் கையையும் தூக்கினாள்.

ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டேன்.

6

மறுநாள் இரண்டு மணிக்குச் சம்பூர்ணம் கீழே போனாள். திரையில் பழைய மேசை நாற்காலிகளை ஏலம் விடும் பிரிட்டிஷ் நிகழ்ச்சி ஓடியது. டோரீன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் சம்பூர்ணம் ஏலம் பார்த்தாள். பக்கத்துச் சுவரில் நான் ஒட்டியிருந்த காகிதத்தைப் படிக்கும் அளவுக்கு அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியாது.

டோரீன் தன் வீட்டிலேயே தொடரைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். காது மந்தம் என்பதால் சத்தம் நடை முழுவதும் கேட்டது. அவள் மட்டுமல்ல. பிற்பகலில் எங்கள் தளத்தில் நடந்தால் கதவுக்குக் கதவு அமெரிக்கக் குரல்கள் கேட்டன. ஜெஃப்ரியின் கதவுக்குப் பின்னாலும் துப்பாக்கி வெடித்தது.

ஒருநாள் தபால் எடுக்கப் போனபோது சம்பூர்ணத்தை நடையில் கண்டேன். கையில் துவைக்கும் துணிக் கூடையோடு, டோரீனின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கதவைத் தட்டவில்லை. உள்ளிருந்து வந்த குரல்களைக் கேட்டுக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும், "துணி போடப் போறனுங்க" என்று சொல்லி நகர்ந்தாள். துவைக்கும் அறைக்குப் படியிறங்கும் வழி எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.

கூப்பிடாமல் எப்படிப் போவது என்று அவள் இருந்தாள். வராதவளை எப்படிக் கூப்பிடுவது என்று டோரீன் இருந்தாள். டோரீனை எங்கள் வீட்டுக்கு அழைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அழைத்திருக்கலாம். செயலாளர் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றியது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

சம்பூர்ணம் பேச்சைக் குறைத்தாள். சாப்பாட்டைக் குறைத்தாள். ஜேடர்பாளையத்துக்கே போய்விடலாமா என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் நான் அசைந்தேன். மேலாளர் பெண்ணிடம் போய்த் தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவள் தீர்மானக் கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் பிரிவைக் காட்டினாள். ஆறு மாதம். அது என்னுடைய வாசகம்தானே என்று கேட்டாள். ஆம் என்றேன். விதிவிலக்கு வேண்டுமானால் ஒரு படிவம் இருக்கிறது, அதில் குடியிருப்போர் மூவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றாள்.

படிவத்தோடு கதவு கதவாகப் போனேன். எல்லோரும் அன்பாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். தங்களுக்கு ஆட்சேபமே இல்லை என்றார்கள். ஆனால் அமெரிக்கத் தொடர் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட ஒருவரும் முன்வரவில்லை. ஜெஃப்ரி மட்டும் கொஞ்சம் மனம்விட்டுப் பேசினார்.

"உண்மையைச் சொன்னால், முத்து, நீங்கள் அதை மறந்துவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன்" என்றார்.

டோரீனிடம் படிவத்தைக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால், யார் எழுதிய தீர்மானத்தால் யார் தனித்துப் போனார்கள் என்று என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

7

ஐந்தாம் மாதத்தில் டோரீன் குளியலறையில் விழுந்தாள். இடுப்பெலும்பு. மருத்துவமனையிலிருந்து அவள் திரும்பி வந்தது சாமான்களை எடுக்க மட்டும்தான். அவளுடைய மகள் கடற்கரை நகரம் ஒன்றில் வசிக்கிறாள். அங்கே ஒரு பராமரிப்பு விடுதியில் சேர்ப்பதாக ஏற்பாடு.

சக்கர நாற்காலியில் வாசலில் காத்திருந்தவளைப் பார்க்க நாங்கள் இருவரும் போனோம். சம்பூர்ணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டோரீன் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். நான் மொழிபெயர்ப்பேன் என்ற நம்பிக்கையில்.

"அவளுக்கு அது சலித்துவிட்டது என்று நினைத்தேன். அவளும் கையைத் தூக்கினாள், இல்லையா? தொந்தரவு செய்ய வேண்டாமென்று இருந்துவிட்டேன்."

சம்பூர்ணம் என் முகத்தைப் பார்த்தாள். "உன்னை மறக்க மாட்டேன் என்று சொல்கிறார்கள்" என்றேன்.

வண்டி போன பிறகு நாங்கள் மேலே வந்தோம். அவள் தேநீர் வைத்தாள். எனக்கொரு கோப்பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாங் கையத் தூக்குனேன்னு தானுங்க சொன்னாங்க?"

நான் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தேன்.

"அந்தளவுக்கு எனக்கு இங்கிலீசு வருமுங்க. ரெண்டு வருசம் அவிங்க பக்கத்துல ஒக்காந்திருக்கறேன்." பிறகு, "அன்னைக்கு எதுக்குங்க கையத் தூக்கச் சொன்னாங்க?" என்றாள்.

சொன்னேன். மூன்று பிரிவுகளையும் தமிழில் சொன்னேன். மருந்துக்கடையையும் சொன்னேன்.

"நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமாம்."

அவள் எழுந்துபோய்க் கோப்பையைக் கழுவினாள். கத்தியிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும்.

8

ஆறு மாதம் முடிந்து, சென்ற செவ்வாயன்று தீர்மானம் ரத்தானது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ரத்து செய்ய முன்மொழிந்தவன் நான். அனைவர் முன்னிலையிலும், என் மனைவி அந்தத் தொடரை விரும்பிப் பார்ப்பவள், அதைத் தடுத்தது என் பிழை என்று எழுந்து நின்று சொன்னேன். ஆங்கிலேயர்கள் தங்கள் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. சம்பூர்ணம் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.

மறுநாள் இரண்டு மணிக்கு நானே பொதுக்கூடத்தில் அந்தத் தொடரைப் போட்டுவிட்டு அவளை அழைத்து வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் ஒரு பெண் மருத்துவர் அழுதுகொண்டிருந்தாள். யார் இது என்று கேட்டேன்.

"உங்களுக்குச் சொன்னா வெளங்காதுங்க" என்றாள். "பத்து வருசத்துக் கத."

பாதியில் எழுந்து போய்விட்டாள்.

நேற்றுக் காலையில் என்னிடம் தாளும் பேனாவும் எடுத்து வரச் சொன்னாள். டோரீனுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றாள். அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். கை தூக்கிய விஷயத்தை முதலில் சொன்னாள்: உங்க கையப் பாத்துத்தான் நானும் தூக்குனேன், எனக்கு அது சலிக்கலீங்க சாமி. பிறகு அந்த அரைமணி நேரத்தில் பார்த்ததைச் சொன்னாள். அழுத மருத்துவர் யாருடைய தங்கை, எந்தச் செவிலியை யார் கட்டிக்கொள்ளப் போகிறார்கள், மனைவியை விட்டுப் போனவன் வயதாகித் திரும்பி வந்திருக்கிறான் என்று ஒரு பக்கம் போயிற்று. நான் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. முடித்து, கையெழுத்துக்காக நீட்டினேன்.

அவள் கையெழுத்திடவில்லை. தாளை வாங்கி, மடிக்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். பின்னாலேயே போனேன். மேலாளர் அலுவலகத்துக்குள் போய், அந்தப் பெண்ணின் மேசைமீது தாளை வைத்து, உரக்கப் படிக்கும்படி தன் ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் நடையிலேயே நின்றேன். அந்தப் பெண் முதலிலிருந்து படித்தாள். கை தூக்கிய பகுதியில் சற்று நிதானித்தாள். தொடரின் கதைக்கு வந்ததும், "ஐயோ, இதைச் சொல்லிவிட்டீர்களே, நான் இன்னும் அந்த வாரத்துக்கே வரவில்லை" என்று சிரித்தாள். ஆனாலும் கடைசி வரி வரை படித்தாள். சம்பூர்ணம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைப்பதைத் திறந்த கதவின் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து தாளை என்னிடம் கொடுத்தாள். கையெழுத்திட்டிருந்தாள்.

"செரியாத்தான் எழுதியிருக்கறீங்க," என்றாள். "ஒறையில போட்டு ஒட்டுங்க."